சுத்தக்காரி

எனக்கு அழுக்கைக் கண்டால் ஆகாது. பெங்களூரு ஆய்வுக்கூடத்தில் பம்பும் குழாயும் பார்க்கிற ஒப்பந்த வேலைக்கு அந்தக் குணம் நல்லதுதான். ‘சுத்தக்காரி மங்கை’ என்றே அங்கே பெயர். லீவில் செஞ்சிக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. அன்று காலை பஸ் ஸ்டாண்ட் எதிரே, நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவின் டிபன் கடையில், தோசைக்கல்லைக் கம்பி நாரால் தேய்தேய் என்று தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வைத்தேன்.

கடையில் ஜோயா உட்கார்ந்திருந்தாள். அவளும் செஞ்சிதான், அதே ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவி. பெங்களூரு பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். படிப்பை விடுகிறேன் என்று எழுதிய கடிதம் அவள் பையில் இருந்தது. பாவம், நாலு வருஷ உழைப்பு.

ஹீலியம்-மூன்று என்றொரு வாயு. இதற்குமேல் குளிர முடியாது என்கிற எல்லைக்கு மிக அருகே கொண்டுபோனால், அது உரசலே இல்லாமல் ஓடுகிற திரவமாகும். அதன் அணு ஒவ்வொன்றும் குட்டிக் காந்தம். ஒரு சின்ன மூடிய கலத்துக்குள் அவற்றைத் தட்டிச் சாய்த்து, பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பதுதான் ஜோயாவின் வேலை. பெருநாளுக்கு முன் நிதானமாகத் திரும்பியவை, அவள் ஊருக்குப் போய் வந்து அளந்தபோது பத்தில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பின. பழைய அளவே தப்பு என்று பேராசிரியர் முடிவுகட்டிவிட்டார்.

நைனா முதல் தோசையை ஊற்றினார். ஒட்டிக்கொண்டது. இரண்டாவதும் பிய்ந்தது.

“கல்லு குடிச்ச எண்ணெய மொத்தமா சொரண்டி எடுத்துட்டியே, ஒட்டாம இன்னா பண்ணும்?” என்றார்.

ஜோயா பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். “என் கலமும் அப்டித்தான் மங்கை. மொதல்ல சாதா ஹீலியத்த உள்சுவத்துல பூசிடணும். இல்லன்னா ஹீலியம்-மூணு சுவத்துல ஒட்டிக்கும். ஒட்டுனது மத்ததையும் சீக்கிரமா திருப்பிடும்.”

கம்பி நாரைக் கீழே வைத்தேன். பெருநாளுக்கு அவள் ஊரில் இருந்தபோது, அவள் கலத்தில் சாதா ஹீலியம் கலந்திருப்பதாக மீட்டர் காட்டியது. எங்கோ கசிந்து வந்த அழுக்கு என்று நினைத்தேன். கலத்தைச் சூடாக்கி, ஒருநாள் முழுக்க உறிஞ்சி எடுத்து, ஹீலியம்-மூன்றை மட்டும் திரும்ப நிரப்பினேன். நோட்டில் எழுதவில்லை. துடைப்பதையும் பெருக்குவதையும் எங்கள் இடத்தில் யாரும் எழுதுவதில்லை.

சொன்னால் என் வேலை போகலாம். சொல்லாவிட்டால் அவள் படிப்பு போய்விடும். பஸ் வந்து நின்றது. ஜோயா பையைத் தோளில் மாட்டினாள்.

“ஜோயா, அந்தப் பூச்ச எடுத்தது நான்தான். அழுக்குன்னு நெனச்சிட்டேன்.”

அவள் என்னையே பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. பஸ் ஏறினாள். நைனாவிடம் வருகிறேன் என்று சொல்லி, போட்டிருந்த துணியோடு நானும் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கோட்டை மலையான ராஜகிரி பின்னால் போனபிறகுதான் பையிலிருந்து ஆய்வு நோட்டை எடுத்தாள். புதுப் பக்கம் ஒன்றைப் புரட்டி என் மடியில் வைத்து, பேனாவையும் கொடுத்தாள்.

“செஞ்சத எல்லாம் தேதி போட்டு எழுது.”

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தோசைக்கல் கரி விரலிலிருந்து தாளில் அப்பியிருந்தது. மற்ற நாளாக இருந்தால் துடைத்திருப்பேன்.

ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. ஜோயா படிப்பை விடுகிறேன் என்ற அந்தக் கடிதத்தை எடுத்து, நாலாக மடித்து, கண்ணாடி ஆடிய இடுக்கில் செருகினாள்.