மாட்டுப்பட்டி முற்றத்துக் குழாய்

மாரிட் ஊருக்குக் கிளம்புகிற நாளில் எங்கள் வீட்டில் ஆடு அடித்தார்கள். நார்வேயிலிருந்து வந்து ஒரு வருடம் எங்கள் மலையில் தொண்டு செய்தாளாம், அதற்கு விருந்து. தொண்டாம் தொண்டு! அவள் வைத்த குழாயில் அன்றுவரை ஒரு மருமகளும் ஒரு வாளி தண்ணீர் பிடித்ததில்லை.

குழாயில் குறை இல்லை. திறந்தால் சோவென்று கொட்டும். ஆனால் அது நின்றது என் மாமனார் வீட்டு முற்றத்தில், வீடுகளுக்கும் மாட்டுப்பட்டிக்கும் நடுவில். அது மாமனார் குலத்து முன்னோர்களின் இடமாம், அங்கே மருமகள் கால் படக்கூடாது. வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் வீடுகளின் பின்புறமாகச் சுற்றித்தான் போகிறோம். இந்த ஊரில் தண்ணீர் சுமப்பது யார்? மருமகள்கள். எப்படி இருக்கிறது கதை! வீட்டில் பிறந்த பெண்கள் குறுக்கே நடக்கலாம், விருந்தாளியும் நடக்கலாம். மாரிட் ஒரு வருடம் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள், ஒன்றும் உறைக்கவில்லை.

நாங்கள் பழையபடி ஓடைக்குத்தான் இறங்கினோம். என் ஓரகத்தி நோலுசாபோவுக்கு ஏழு மாதம். விருந்துக்கு முந்தின வாரம் தலையில் வாளியோடு வழுக்கி விழுந்தாள். நல்லவேளை, முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. "இன்னொரு தடவ விழுந்தா பிள்ள தங்காதுக்கா" என்று என் மடியில் விழுந்து அழுதாள். மாரிட் போய்விட்டால் குழாயை நகர்த்தச் சொல்ல ஆளே கிடையாது.

இடம் பார்க்க அவள் கூட்டம் போட்டபோதே இது இப்படித்தான் முடியும் என்று எனக்குத் தெரியும். அவள் ஆங்கிலத்தை எங்கள் பேச்சில் சொல்வது நான்தான். கல்யாணத்துக்கு முன் நகரத்துத் துணிக்கடையில் வேலை பார்த்து ஆங்கிலம் பழகியவள் நான். "எல்லாருக்கும் சம்மதமா?" என்றாள் மாரிட். மாமனாருக்குத் தன் முற்றத்தில் குழாய் வருகிற பெருமை தாங்கவில்லை. நாங்கள் பின்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தோம். மாமனார் எதிரில் மருமகள் மறுத்துப் பேசுவாளா? பெண்களும் ஒருமனதாகச் சம்மதம் என்று நோட்டில் எழுதிக்கொண்டாள், மகராசி.

பிறகு உருளைக்கிழங்கு உரிக்கும்போது தனியாகச் சொன்னேன். "மாரிட், அந்த முற்றத்துல நாங்க கால் வைக்கக் கூடாது."

"அப்படியா! என்ன அழகான வழக்கம்!" என்று நோட்டை எடுத்தாள். எழுதினாள். மறுநாள் அதே இடத்தில் குழி வெட்டினார்கள்.

மிச்சமிருந்த இரண்டு முழுநீள பைப்புகளைக் கம்பமாக நட்டு, ரோட்டிலிருந்து தெரிகிற உயரத்தில் தகரப் பலகை வேறு மாட்டினாள். 'மாரிட்டின் அன்புப் பரிசு' என்று அதில் எழுதியிருந்தது. காக்கைக்கு உட்கார வசதி.

விருந்தில் ஆண்கள் பட்டியோரம் உட்கார்ந்தார்கள், நாங்கள் முற்றத்தில் கால் படாமல் வீட்டுச் சுவரோரம். மாரிட் நடு முற்றத்தில் குழாய்மேல் கையை ஊன்றிக்கொண்டு, தன் ஒரு வருடத்தைப் பற்றி எழுதியதை வாசித்தாள். நான் சுவரோரம் நின்று மொழிபெயர்த்தேன்.

"நான் கொடுக்கத்தான் வந்தேன். ஆனா வாங்கிக்கிட்டது நான்தான்." இதற்கு முன்னால் தொண்டு செய்ய வந்தவனும் இதையேதான் சொன்னான். வாங்கினதைத் திருப்பிக் கொடுத்தால் என்ன தாயே! "இவங்ககிட்ட ஒண்ணுமே இல்ல, ஆனாலும் சிரிக்கிறாங்க." சிரிக்காமல்? நீ அடிக்கிற கூத்துக்கு மாடுகூடச் சிரிக்கும்.

அப்புறம் பக்கத்தைத் திருப்பினாள். "இங்க மருமகள்கள் மாட்டுப்பட்டி முற்றத்துல கால் வைக்கவே மாட்டாங்க. அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையை என்கூட எடுத்துட்டுப் போறேன்."

குழாய்மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்! எனக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது.

என் சொந்த வாய் மாமனார் எதிரில் திறக்காது. ஆனால் மொழிபெயர்க்கிற வாய் விருந்தாளியின் வாய். போகிற விருந்தாளியின் கடைசி வேண்டுகோளை எங்கள் ஊரில் யாரும் தட்டுவதில்லை.

"மாரிட் சொல்றாங்க," என்று ஆரம்பித்தேன். "மருமகள்கள் கால் வைக்க முடியாத இடத்துல குழாய வச்சுட்டேன். ஒரு வருசம் இருந்தும் எனக்குப் புத்தி வரல. பெரியவங்க மன்னிக்கணும். என் பேர் போட்ட பலகையப் பிடுங்கிட்டு, அந்த ரெண்டு பைப்பையும் மாட்டி, குழாய வீட்டுக்குப் பின்னால கொண்டுபோங்க. நான் வண்டி ஏறுறதுக்குள்ள அதப் பாக்கணும். இதுதான் என் கடைசி ஆசை."

மாமனார் என்னையே பார்த்தார். "அந்தப் பொண்ணு இவ்வளவு நீளமாவா பேசுச்சு?"

மாமியார்தான் முந்திக்கொண்டாள். "அவ பாஷை சுருக்கம். நம்ம பாஷை நீளம். விருந்தாளி கேட்டுட்டா, ஆக வேண்டியதப் பாருங்க." சொல்லிவிட்டு ஒரு குலவை விட்டாள் பாருங்கள், மலை அதிர்ந்தது. எல்லாப் பெண்களும் சேர்ந்துகொண்டோம்.

மாமனார் பெருமூச்சு விட்டார். "கேட்டப்புறம் தட்ட முடியுமா? பிடுங்குங்கப்பா பலகைய."

மாரிட் கண் கலங்கிவிட்டாள். "ஏன் பலகையைப் பிடுங்குறாங்க?" என்றாள் என்னிடம்.

"உங்க பேச்சு அவங்க மனசத் தொட்டுருச்சு."

சாயங்காலம் வண்டி வந்தபோது வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நோலுசாபோ முதல் வாளியை நிரப்பிவிட்டு, முகம் கழுவுகிற சாக்கில் அழுதாள்.

மாரிட் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "நான் சொன்னதை இவ்வளவு அழகா அவங்களுக்குப் புரியவச்சியே!"

"நீங்க சொல்லியிருக்க வேண்டியதத்தான் சொன்னேன்" என்றேன்.

"ஆகா!" என்று, அதையும் நோட்டில் எழுதிக்கொண்டு வண்டி ஏறினாள்.