செவலைக் கோழியின் வம்சம்

ஆலங்குடிக்குத் தெற்கே முந்திரித் தோப்போரம் குடியிருக்கும் செல்வராணியிடம் ஒரு காலத்தில் முப்பத்திரண்டு கோழிகள் இருந்தன. ஐந்து வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்கழிச்சல் வந்தது. கோழிகளைக் கூண்டோடு வாரிக்கொண்டு போகும் வைரஸ் நோய். நாலே நாளில் எல்லாம் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தன. மிஞ்சியது ஒரு செவலைக் கோழி மட்டும்.

நோயில் மிஞ்சியதை அடித்துக் குழம்பு வைத்துவிட்டுச் சந்தையில் புதுக்குஞ்சு வாங்கி விடுவதுதான் அந்தத் தெருவின் வழக்கம். எத்தனை வருஷமாக இந்தக் கூத்தை நடத்தினார்களோ! புருஷன் கண்ணுசாமி மிளகாய் அரைக்கவே சொல்லிவிட்டான்.

“எல்லாம் செத்தும் இது நிக்கிதுன்னா இதுக்கிட்ட என்னமோ இருக்கு. யாரும் தொடப்படாது, சொல்லிப்புட்டேன்,” என்றாள் செல்வராணி.

ஆவுடையார்கோவில் பக்கம் நோய்க்குத் தப்பிய சேவல் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். செவலை இட்ட பதிமூன்று முட்டையையும் கூடையில் மணல் பரப்பி, இடிச்சத்தத்தில் கரு கலங்காமலிருக்க இரும்புத்துண்டும் அடுப்புக்கரியும் போட்டு அடை வைத்தாள். நோய்க்கோழியில் வம்சம் வளர்க்கிறாளே என்று பக்கத்து வீட்டுச் சுகுணா வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுவருஷ நோயில் பாதிக் குஞ்சுகள் போயின. செல்வராணி அழுதாள். அழுதுகொண்டே, தப்பியவற்றின் முட்டைகளை எடுத்து வைத்தாள். சந்தைக் கோழி ஒன்றைக்கூட வாசலில் விடவில்லை. அடுத்த தடவை ஏழுதான் போயின.

இந்த மாசியில் சுகுணாவின் கூடு ஒரே வாரத்தில் காலியானது. அந்த வாரக் கடைசியில் விடிந்ததும் செல்வராணி தன் கூட்டைத் திறந்தாள். இருபத்தெட்டில் செத்தது இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் அவள் காலை மிதித்துக்கொண்டு தவிட்டுக்கு ஓடின. அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

விஷயம் கேள்விப்பட்டு, கால்நடை டாக்டர் திலகவதி ரத்தம் எடுக்க வந்தார்.

“ஆஸ்திரேலியாவுல காட்டு மொயலுக்கு இப்படித்தான் ஒரு வைரஸ் வந்துச்சு. மொதல்ல கிட்டத்தட்ட எல்லாமே செத்துச்சு. தப்பிச்சது குட்டி போட்டு, அதுல தப்பிச்சது குட்டி போட்டு, கடைசில வம்சமே நோயத் தாங்க ஆரம்பிச்சிருச்சு. இதுகளும் அப்படித்தானான்னு ரத்தத்தப் பாத்துத்தான் சொல்லணும். எதுக்கும் இதுகளுக்குத் தடுப்பு மருந்து போட்டுருங்க.”

“நாங்க அன்னைக்கே யோசிச்சுத்தான் வளத்தோம் டாக்டரம்மா,” என்றான் கண்ணுசாமி.

செல்வராணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தண்ணீர் எடுக்கப் போய்விட்டான்.

“மொயலுக தானாத் தப்பிச்சிருக்குங்க. இதுக தாயக் கொழம்புச் சட்டிலேருந்து நான்ல தப்பிக்க வச்சேன். அதையும் ஒங்க ரிப்போர்ட்டுல எழுதுங்க.”

டாக்டர் பேனாவைத் திறந்து, இனிஷியலோடு அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.