கறிக்கு மூலப்பத்திரம்

திருத்தணியில் பத்திரப் பதிவு ஆபீஸில் நகல் எழுதும் கோதண்டபாணி, மூலப்பத்திரம் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். வெள்ளைக்காரன் ‘கர்ரி’ என்று வாய் நிறையச் சொல்லும் ‘கறி’க்கும் ஒரு மூலம் இருக்கத்தானே வேண்டும்? அது தமிழ்தான் என்று நிலைநாட்டப் பதினோரு வருடம் உழைத்தார். அரக்கோணத்தில் துரைமார் வீட்டில் சமைத்து ஓய்ந்த பட்லர்களைத் தேடிப்போய்க் கேட்டு எழுதினார். கல்வெட்டில் மிளகு, கறி என்று வந்த இடமெல்லாம் குறித்தார்.

மனைவி காஞ்சனாவின் தம்பி பரந்தாமனுக்கு மெட்ராஸில் வேலை. பள்ளிப்பட்டுக் குடும்பம், தெலுங்கும் வீட்டுப் பேச்சு. வரும்போதெல்லாம் சீண்டுவான்.

“ஊரே நெலத்துக்குப் பட்டா தேடிகினு இருக்குது, நீங்க கொழம்புக்குத் தேடுறீங்க. அது எங்க தெலுங்கு ‘கூர’லேர்ந்து போயிருந்தா இன்னா பண்ணுவீங்க பாவா?”

“உங்க கூர கப்பல் ஏறலடா. எங்க கறிதான் ஏறிச்சு.”

“எங்க ஆபீஸ் பக்கத்து லைப்ரரில இத்தாம்பெரிய இங்கிலீஷ் அகராதி இருக்குது. பாத்து எழுதினு வரட்டா?”

“வாணாம். அடுத்தவன் எழுதினதப் பாத்தா, நாளைக்கு காப்பி அடிச்சான்னுடுவாங்க.”

எழுபத்திரண்டு தையில், நாற்பது பக்கக் கட்டுரையைச் சீமையில் அகராதி போடுகிறவர்களுக்கு அனுப்பினார். புத்தகத்தின் ஒரு மூலையில் தம் பெயர் ஏறும். பிள்ளையில்லாத மனிதருக்கு அந்த ஒன்றுதான் ஆசை.

சித்திரையில் பதில் வந்தபோது பரந்தாமனும் இருந்தான். நாலே வரி. தாங்கள் சொல்வது முற்றிலும் சரி. அது தமிழ்ச் சொல் என்பது எங்கள் முதல் பதிப்பிலேயே உள்ளது. பக்கத்தின் நகல் இணைப்பில். அந்தப் பக்கம் அச்சானபோது கோதண்டபாணி பிறக்கவேயில்லை.

பரந்தாமன் வாங்கிப் பார்த்தான். லைப்ரரியில் இருக்கும் அதே அகராதி. நகலை மடித்து அவர் கையிலேயே கொடுத்தான்.

“இன்னா போட்டிருக்காங்க?” என்று காஞ்சனா ஈரக்கையோடு வந்தாள்.

“நான் சொன்னது சரியாம்.”

“அப்புறம் ஏங்க மூஞ்சி செத்துப்போய் கெடக்குது? முருகன் கண்ணத் தொறந்துட்டான். மல மேல போய் ஒரு கற்பூரம் ஏத்திட்டு வந்துடறேன்.”

அவர் கடிதத்தை மறுபடி விரித்தார். தப்பு என்று எழுதியிருந்தால் இந்நேரம் மறுப்பு எழுத உட்கார்ந்திருப்பார்.

அவள் தெரு தாண்டியதும் பரந்தாமன் மெதுவாகச் சொன்னான்: “வேற வார்த்த ஒண்ணு எடுத்துக்கலாம் பாவா.”

“எடுத்தா, அதுவும் அங்க இருக்கும்டா” என்றார் கோதண்டபாணி.