ஓடத் தெரிந்தவன்

முனியராஜின் கால்களுக்குத் தாயில்பட்டியில் தனி மரியாதை இருந்தது. பட்டாசுக் கம்பெனியில் பதினேழு வருஷம் மருந்து கலந்தவன். மூன்று தடவை அவன் வேலை பார்த்த ஷெட் வெடித்தது. மூன்று தடவையும் சத்தம் கேட்டு ஜனங்கள் ஓடி வந்தபோது அவன் வேலிக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். மருந்து ரூம் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கிறவர்கள், முனியராஜ் மாதிரி ஓடுவானா என்று முதலில் விசாரிப்பதாக ஊரில் கேலி பேசுவார்கள். பாதிதான் கேலி.

ஓடுவதற்கும் ஒரு முறை உண்டு. மருந்து கலக்கிறவன் செருப்புப் போடக் கூடாது. தனக்கும் வாசலுக்கும் நடுவில் வாளி, சல்லடை எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. 'சுர்' என்று ஒரு சத்தமோ, கீற்றுப் புகையோ வந்தால் என்ன ஏது என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிடவும் கூடாது, கூப்பிட வாயைத் திறந்தால் ரெண்டு பேருமே போய்விடுவார்கள். சுவரில் எழுதிப் போட்டிருந்த விதிகளை அந்தக் கம்பெனியில் யாரும் படித்ததில்லை. எழுதாத இந்த விதி எல்லோருக்கும் மனப்பாடம்.

மூன்றாம் தடவை, கூடக் கலந்துகொண்டிருந்த மொக்கைச்சாமி வெளியே வரவில்லை. அதற்காக முனியராஜை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனபோது மொக்கைச்சாமியின் மனைவி செல்லக்கனி, நீங்களாவது பிழைத்தீர்களே என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். வீட்டுக்கு வந்தவன் ரெண்டு நாள் சோற்றைத் தொடவில்லை.

அவன் மனைவி செல்வலட்சுமி அதே கம்பெனியில் வெடிக்குத் திரி மாட்டுகிறவள். பன்னிரண்டு வயதில் ஆரம்பித்தது, முப்பத்துமூன்று ஆகியும் விடவில்லை. மூன்றாம் நாள் அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"இந்தக் காலு நாலாவது தடவையும் ஓடும்னு என்ன நிச்சயம்? வேற வேலை பாருங்க. நீங்க ஒரு வேலையில நிலைச்சுட்டா நானும் நின்னுருதேன்."

அப்படித்தான் முப்பத்தாறு வயதில் முனியராஜ் லாரி டிரைவராவது என்று முடிவானது. ரெண்டாயிரத்து நாலாம் வருஷம். சாத்தூர் டிரைவிங் ஸ்கூலில் மீசை முளைக்காத பயல்களோடு வரிசையில் நின்று கற்றுக்கொண்டான். லைசென்ஸ் கையில் வந்தவுடன் லாரியைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். ஒரு வருஷம் சின்ன வண்டியில் பேப்பர் பண்டல்களை அச்சாபீஸுக்கும் பைண்டிங்குக்கும் சுமந்தான். அதற்கப்புறம்தான் பெரிய லைசென்ஸ். சிவகாசி சீனிவாசகம் முதலாளியிடம் வேலைக்குப் போனபோது அவன் வைத்த ஒரே நிபந்தனை, பட்டாசு லோடு ஏற்ற மாட்டேன் என்பது. முதலாளி சிரித்துவிட்டு, காலண்டர் லோடு ஓட்டு, சாமி படம் வெடிக்காது என்றார்.

ஆவணியில் வண்டி ஏறினான். கூட இன்னொரு டிரைவர் உக்கிரபாண்டி. அவனும் இவன் வயசுக்காரன்தான், ஆனால் இருபது வருஷமாக ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவன். ஒருவன் ஓட்ட ஒருவன் தூங்க, மூன்று மாதம் நல்லபடியாகப் போயிற்று. முனியராஜின் நகக்கண்ணில் பதினேழு வருஷமாக ஒட்டியிருந்த அலுமினியப் பொடியின் வெள்ளிநிறம் போயே போய்விட்டது. தை பிறந்ததும் வேலையை விடப் போவதாகச் செல்வலட்சுமி திரி மாட்டும் ரூமில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள். தை முதல் தேதி காலை வெயில் ஏறும்வரை தூங்குவது என்பது அவளுடைய திட்டம். அதற்கு மேல் திட்டம் எதுவும் அவளிடம் இல்லை. பாவம், அதுவே அவளுக்குப் பெரிசாக இருந்தது.

கார்த்திகையில் கொல்லத்துக்கு மலையாளக் காலண்டர் லோடு. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு இறக்கம். பகல் பதினோரு மணி. உக்கிரபாண்டி சீட்டுக்குப் பின்னால் இருந்த பலகையில் படுத்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். இறக்கத்தில் சின்ன கியரில் போகவேண்டும் என்று அவன் பல தடவை சொல்லியிருந்தான். முனியராஜ் பெரிய கியரிலேயே வந்து, பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கினான். பிரேக் லைனர் சூடாகிப் புகை வந்தது. தீய்ந்த வாடை கேபினுக்குள் ஏறியது. அந்த நேரம் பார்த்துக் காலடியில் பிரேக்கின் காற்றுக் குழாய் ஒன்று லேசாகப் பிளந்து 'சுர்' என்றது.

அதற்கப்புறம் நடந்ததை முனியராஜ் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டான். கதவைத் திறந்தது ஞாபகம் இல்லை. குதித்தது ஞாபகம் இல்லை. முழங்கை தோல் உரிந்து ரத்தம் வந்ததும் தெரியவில்லை. நினைவு வந்தபோது தேக்கு மரங்களுக்கு நடுவில், ரோட்டிலிருந்து நாற்பது அடி தள்ளி, செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தான். உடம்பு முழுக்க ஒரு நிம்மதி. பிழைத்துவிட்டோம் என்ற நிம்மதி.

திரும்பிப் பார்த்தான். லாரி வெடிக்கவில்லை. ஓட்டுகிறவன் இல்லாமல், உக்கிரபாண்டியைச் சுமந்துகொண்டு, தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வளைவில் திரும்ப ஆளில்லாமல் பாறையில் மோதிச் சாய்ந்தது. தார்ப்பாய் கிழிந்து ரோடெல்லாம் காலண்டர். அவற்றை மிதித்துக்கொண்டு ஓடினான். அப்போதுதான் அவனுக்கு உக்கிரபாண்டியின் பெயரைச் சொல்லிக் கத்த வாய் வந்தது.

உக்கிரபாண்டி பிழைத்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. பிரேக் பிடிக்கத்தான் செய்தது, பத்து எண்ணும் நேரம் மிதித்துக்கொண்டிருந்தால் வண்டி நின்றிருக்கும் என்று மெக்கானிக் சொன்னார். போலீஸ் வழக்கு எழுதி லைசென்ஸை வாங்கிக்கொண்டது. சீனிவாசகம் முதலாளி திட்டவில்லை. இனி எந்த வண்டியையும் தொடாதே என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் உக்கிரபாண்டி கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஏலே முனியா, நீ ஓடுனதைக் குத்தம் சொல்லல. ஒரு சத்தம் குடுத்திருக்கலாமேலே."

முனியராஜ் வீட்டுக்கு வந்து அந்த வார்த்தையை அப்படியே செல்வலட்சுமியிடம் சொல்லி அழுதான். அவள் தேற்றவில்லை. எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள்.

மார்கழியில் பழைய கம்பெனி போர்மேன் கோட்டைச்சாமி வீடு தேடி வந்தார். மருந்து கலக்க ஆள் இல்லையாம், பழைய இடம் அப்படியே இருக்கிறதாம். ஆனால் சோடி இல்லாமல் ஷெட்டைத் திறக்க முடியாது. புருஷன் பெண்சாதியாகச் சேர்ந்து ஷெட் எடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், செல்வலட்சுமியையும் கூட்டிக்கொண்டு வா என்றார். வேறு போக்கிடம் இல்லாத முனியராஜ் சரி என்று தலையாட்டினான். வாசலில் நின்றிருந்த செல்வலட்சுமி உள்ளே போய்விட்டாள்.

தை முதல் தேதி வந்து போனது. பொங்கல் விடுமுறை முடிந்து கம்பெனி திறந்த அன்று காலை முனியராஜ் கிளம்பி நின்றான். செல்வலட்சுமியும் கிளம்பியிருந்தாள். ஆனால் அவள் நாரணாபுரத்தில் வேறொரு கம்பெனியில் திரி மாட்டப் பேசி வைத்திருந்தாள். அங்கே போக ரெண்டு பஸ் மாற வேண்டும். இங்கே இருக்கும்போது அம்புட்டுத் தொலைவு எதற்கு என்று அவன் கேட்டான்.

அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் தலைமுடியை முடிந்துகொண்டே சொன்னாள்.

"மொக்கைச்சாமியண்ணனை நீங்க கூப்பிடல. சரி, நேரமில்லன்னு நெனைச்சேன். அந்த டிரைவரையும் கூப்பிடல. நான் பக்கத்துல இருந்தா கூப்பிடுவீகளா?"

கூப்பிடுவேன் என்று சொல்லத்தான் முனியராஜ் நினைத்தான். உயிரே அவள்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தேக்கு மரங்களுக்கு நடுவில் நின்ற அந்த நிம்மதி நினைவுக்கு வந்து, அவன் தன் கால்களைப் பார்த்தான். செல்வலட்சுமி முடிந்த கொண்டையை இறுக்கினாள். பிறகு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.