ஹெர்பர்ட் வாத்தியாரின் பிளேடு இடுக்கு

ஷௌகத் அலி கடையில் ஹெர்பர்ட் வாத்தியார் நாலு கஜம் கறுப்புத் துணி வாங்கினதும், யார் வீட்டில் இழவு என்று குன்னூர் கடைவீதியே விசாரித்தது. நான் அப்படிப்பட்டவள் இல்லை. சர்க்கரை கேட்கிற சாக்கில் டம்ளரோடு எதிர் ஊட்டுக்கே போய்விட்டேன்.

பட்டப்பகலில் ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. மூலையில் அரிக்கேன் விளக்கு. அதை மூடின தகரத்தில் ஒரு மெல்லிய கீறல். வாத்தியார் கையில் ஓர் அட்டை. அதில் ரெண்டு சவர பிளேடுகள், நடுவில் இடுக்கு விட்டு, அரக்கால் ஒட்டியிருந்தன.

இவர் வேதபாட வாத்தியார். சயன்ஸ் வாத்தியார் காய்ச்சலோடு மலை இறங்கிவிட, அந்தப் பாடமும் இவர் தலையில். நாளைக்குப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் துரை வருகிறார். பாடம் தேறினால் வேலை நிரந்தரம். அது நடந்தால்தான் அரவேணு எஸ்டேட் கிளார்க் சுவிசேஷமுத்து, தன் மகள் தபித்தாளுக்கும் இவருக்கும் கல்யாணம் என்று கோயிலில் பாதிரியார் ஓலை வாசித்து அறிவிக்க விடுவார்.

"இடுக்குல போனா வெளிச்சம் விரியும்னு புஸ்தகத்துல இருக்குதுங்க பங்கஜம் அக்கா. விரியவே மாட்டேங்குது."

"இதுவா இடுக்கு? எருமையே போகும் போலிருக்குதே!"

"நல்லா விரியணும்னா வாசல் பெருசா வேணுமில்லீங்களா? அதான் அகலமாக்கிட்டே வந்தேன்."

கதவிடுக்கைப் பற்றி எனக்கே பாடம்! "ரெண்டு விரலை ஒட்டினாப்பல வெச்சு நடு இடுக்கு வழியா விளக்கைப் பாருங்க, கோடு கோடாத் தெரியும். நெருக்குங்க வாத்தியாரே!"

அரக்கை இளக்கி, மயிரிழை அளவுக்கு நெருக்கினார். பார்த்தார். "அக்கா!" என்று கத்தினார். நானும் பார்த்தேன். ஒற்றைக் கோடாக இருந்த வெளிச்சம் ரெண்டு பக்கமும் பாய் விரித்துக் கிடந்தது, நடுநடுவே இருட்டுப் பட்டைகளோடு.

"ஏனுங்க இப்படி?"

புஸ்தகத்தைப் புரட்டினார். "வெளிச்சம் அலையாப் போகுதுங்க. வாசல் அகலமா இருந்தா, பக்கவாட்டுல போற அலைக ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும். நேராப் போறது மட்டும் மிஞ்சும். குறுகினா அழிக்க ஆளில்லை. பரவிடும்."

"இதுக்கா புஸ்தகம்? பத்துப் பேர்கிட்டச் சொன்ன சேதி, ஒருத்தர் ஆமாங்க, ஒருத்தர் இல்லீங்கன்னு அங்கியே அடங்கிடும். ஒருத்தி காதுல மட்டும் சொல்லிப் பாருங்க!"

வாத்தியார் என்னையே உற்றுப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் துரையும் 'ஏன்' என்றுதான் கேட்டாராம். "எங்க எதிர் ஊட்டு அக்கா ஒருத்தங்க" என்று இவர் ஆரம்பிக்க, துரை சிரித்துச் சிரித்துக் கையெழுத்துப் போட்டாராம்.

சாயங்காலம் வாத்தியார் வந்தார். "நிரந்தரமாயிருச்சுங்க அக்கா. நாளைக்குக் காலைல மாமனார்கிட்ட நானே போய்ச் சொல்றேன். அதுவரைக்கும் உங்க காதோட இருக்கட்டும்."

காதோடுதான் வைத்திருந்தேன். காலையில் அவர் அரவேணு போய்ச் சேர்ந்தபோது சுவிசேஷமுத்து வாசலிலேயே நின்றாராம்.

"வாங்க மாப்ளே! பாதிரியார்கிட்ட ஓலை நேத்தே குடுத்தாச்சு."