சட்டைக்கையில் இரட்டைக் கோடு

சலவைக் கடைக்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் மனைவிக்குப் பதில் சொல்ல வாயே வேண்டாம், இஸ்திரிப் பெட்டி போதும். "சாப்பாடு கஞ்சி போட்ட துணி மாதிரி விறைச்சுக் கிடக்கு" என்று அவர் சொன்னால், மறுநாள் அவருடைய சட்டைக்கையில் ஒரு கோட்டுக்கு இரண்டு கோடு விழும். அவள் அண்ணனைக் குத்திப் பேசினால் காலர் கோணிக்கொள்ளும். அவள் அம்மாவை இழுத்தாரோ, போச்சு, முதுகில் குறுக்கே ஒரு மடிப்பு. ஊருக்கெல்லாம் கத்தி மாதிரி தேய்த்துக் கொடுக்கிறவர், தான் மட்டும் கோணல்மாணலாகக் கல்லாவில் நிற்பார்.

"நேத்து வீட்ல என்ன பேசினீங்க?" என்று வாடிக்கைக்காரர்கள் கேட்பார்கள். அவரும் வெட்கமில்லாமல் சிரிப்பார். சாயங்காலத்துக்குள் ராசியாகிவிடும். ஆகா, அது ஒரு காலம்.

அந்தக் காலத்துக்கு உலை வைத்தவரும் அவரேதான். கடை பெரிதாகி, பெரிய ஓட்டல் ஒன்றின் மேனேஜர் துணி போட வந்தார். இஸ்திரிப் பெட்டியோடு வியர்வையும் கலைந்த தலையுமாக நின்ற மனைவியைக் காட்டி, "இவங்க யாரு?" என்றார்.

"வேலைக்கு இருக்கிறவங்க சார்."

நாக்கில் சனி. வேறென்ன சொல்ல?

மறுநாள் சட்டை வந்தது. ஒரே கோடு. கச்சிதமான காலர். அடுத்த நாளும் அப்படியே, அடுத்த மாதமும் அப்படியே. வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தார், மாமியாரைக்கூட விடவில்லை. "சரிங்க" என்றாள். கடைசியில் சட்டையைத் தூக்கிக்கொண்டு அவளிடமே போனார்.

"ஏன் இப்படி நல்லாத் தேய்க்கிற?"

"வேலைக்கு இருக்கிறவ முதலாளி சட்டையை வேற எப்படிங்க தேய்ப்பா?"

மனிதர் இடிந்துபோனார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவர் மூடிக்கொண்டார். கடையில் வைத்துச் சொன்னதை அடுப்படியில் வைத்துத் திருப்பி வாங்க முடியுமா?

மேனேஜர் மறுபடி வந்தபோது கடை நிறைய ஆட்கள். கடைக்காரர் அவரை நிறுத்தினார்.

"சார், அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன். இவ என் சம்சாரம். இந்தக் கடையை ஆரம்பிச்சதே இவதான். இப்படி நிக்கிறாளேன்னு வெட்கப்பட்டேன். என்னை நினைச்சுத்தான் வெட்கப்பட்டிருக்கணும்."

மேனேஜர் திருதிருவென்று விழித்தார். அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தது வியர்வையை மட்டுமல்ல.

"முதல்ல சாருக்குத் துணியைக் குடுங்க" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "வீட்டுக்கு வாங்க, இருக்கு உங்களுக்கு."

கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.