இரண்டு நிமிடத்துக்கு அணைக்காத கார்

ஸ்டைனாரின் சிவப்புக் கார் ஹெஸ்விகா படகுத்துறையில் பதினோரு ஆண்டும் இருபத்து மூன்று நாளும் என்ஜின் அணையாமல் நின்றது. அதில் பெட்ரோல் இருந்தது முதல் இரண்டு நாளைக்கு மட்டும்தான். ஒரு பிப்ரவரி மதியம், மனைவி கூட்ரூனுடன் வீட்டுக்குப் போகும் வழியில், கார்களை ஏற்றிச்செல்லும் படகு வந்து நிற்பதை ஸ்டைனார் பார்த்தான். படகுக் கடையில் வெண்ணெய் தடவி மடித்த ஸ்வேலே அப்பம் விற்பார்கள். அக்கரைக்குப் போகிற வேலை இல்லாவிட்டாலும் அதற்காக உள்ளே ஓடிப்போய் ஓடிவருவது எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரு வியாதி. "அணைச்சிடாத, குளிரும். ரெண்டே நிமிஷம்," என்று சொல்லிவிட்டு ஏறினான். படகு கிளம்பிவிட்டது. இதுவும் எல்லோருக்கும் நடந்ததுதான். அடுத்த நடையில் திரும்பிவந்து நாலு பேரிடம் கேலி வாங்குவார்கள். ஆனால் ஸ்டைனார் அக்கரையில் இறங்கவே இல்லை. இரண்டு அப்பம் கட்டிக்கொடுத்ததாகக் கடைக்காரி சத்தியம் செய்தாள். ஒரு வாரம் கடலில் தேடினார்கள், தொப்பிகூடக் கிடைக்கவில்லை.

கூட்ரூன் சாவியைத் தொடவில்லை. தினமும் மதியம் வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பின்னல் போட்டாள். காரின் கடிகாரம் இரண்டு பத்திலேயே நின்றது. நகராட்சி முதலில் புகைக்காக எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது, புகையே இல்லை என்று தெரிந்ததும் மன்னிப்புக் கடிதம் அனுப்பியது. மீனவர்கள் ஈரக் கையுறைகளை போனட்டில் காயவைத்தார்கள். கடற்காகங்கள் அந்தச் சூட்டுக்காக அடித்துக்கொண்டன. கூட்ரூனின் தலை அந்த இருக்கையில்தான் நரைத்தது.

பன்னிரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் பனியில் கறுப்புச் சொட்டுகள் விழுந்தன. மெக்கானிக் ஒட்வார் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"முன்பக்க ஆயில் சீல் எல்லாம் போச்சு. எண்ணெய் பூரா டைமிங் பெல்ட் மேல வடிஞ்சு ஊறிக் கெடக்கு. இன்னிக்கோ நாளைக்கோ அறுந்துடும்."

"அறுந்தா?" என்றாள் கூட்ரூன்.

"வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும். அப்புறம் என்ஜினுக்குச் சங்குதான்."

"ஓடும்போதே மாத்திடேன்."

"ஓடுற பெல்ட்டுல கைய விடச் சொல்றியா? எனக்கு இருக்கிறதே பத்து விரல்தான், தாயே."

"அவரு அணைக்காதன்னு சொல்லிட்டுப் போனாரு, ஒட்வார்."

"ரெண்டு நிமிஷத்துக்குல்ல சொன்னான்!"

அவள் ஒன்பது நாள் தூங்கவில்லை. அணைத்தால் அவன் வர மாட்டான் என்ற பயம். அதைத் தவிர அவளுக்கு வேறு கணக்கே கிடையாது. பத்தாம் நாள் சொட்டு ஒழுக்காகிவிட்டது. "அதுவா அறுந்து சாகறதுக்கு நானே அணைச்சுத் தொலைக்கிறேன்," என்று அழுதுகொண்டே சாவியைத் திருப்பினாள். பதினோரு வருஷமாக நாங்கள் எல்லோரும் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. கடிகாரத்தில் இரண்டு பதினொன்று ஆனது.

ஒட்வார் முதல் போல்ட்டைக் கழற்றுவதற்குள், அந்த நேரத்தில் வரவே வராத படகு வந்து கரை தட்டியது. ஸ்டைனார் இறங்கி வந்தான். அதே கம்பளித் தொப்பி, அதே ஐம்பத்திரண்டு வயது, கையில் ஆவி பறக்கும் காகிதப் பொட்டலம்.

"ஏன் அணைச்ச? அணைச்சிடாதன்னு சொன்னேன்ல?"

கூட்ரூன் பின்னல் பையாலேயே அவனை நாலு சாத்து சாத்தினாள். "பதினோரு வருஷம்யா! பதினோரு வருஷம்!" என்றாள். சாவியை முதல் நாளே திருப்பியிருந்தால் அப்போதே வந்திருப்பான் என்று அடித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு உறைத்தது. கை ஓய்ந்து அவன் தோளில் சாய்ந்து அழுதாள். அவன் அவளுடைய வெள்ளைத் தலையைப் பார்த்தான். "ரெண்டே ரெண்டுதான் வாங்கினியா? எனக்கில்லையா?" என்று ஒட்வார் கேட்டான்.

பிறகு வேலை நடந்தது. ஸ்டைனார் விளக்குப் பிடித்தான். ஒட்வார் பழைய சீல்களை நெம்பி எடுத்து, எண்ணெயைத் துடைத்து, புதியவற்றைத் தட்டி உட்காரவைத்தான். பற்சக்கரங்களின் குறிகளை நேர்நேராக நிறுத்திப் புது பெல்ட்டை மாட்டினான். சாவி போடுமுன் ஸ்பேனரால் என்ஜினை இரண்டு முழுச் சுற்று கையாலேயே சுற்றிப் பார்த்தான். குறிகள் பழையபடி சேர்ந்தன. "போடலாமா?" என்று கேட்டதும் கூட்ரூன் ஸ்டைனாரின் சட்டைக்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். என்ஜின் பிடித்தது. ஸ்டைனார் அங்கேயேதான் நின்றான். கடிகாரமும் ஓடியது.

ஆறிய அப்பத்தைத் தின்றபடி வீட்டுக்குப் போனார்கள். வாசல் கேட்டைத் திறக்க ஸ்டைனார் இறங்கினான். "இரு, ஒரு நிமிஷம்," என்றான்.

கூட்ரூன் எட்டி, என்ஜினை அணைத்தாள்.